வெற்றிலையை நான் வாங்கவில்லை

இன்று சிங்கப்பூர் தேக்கா கோப்பிக் கடையில், எங்கள் உருமி மேளக் குழுவை நடத்தும் வேலு என் முன்னால் வெற்றிலை பாக்கை நீட்டினான். தன் மகள் கல்யாணத்துக்கு நான் வாசிக்க வேண்டுமாம்.

வாங்கினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் அப்பா எனக்கு முதன்முதலில் வெற்றிலை கொடுத்ததும் இதே கடையில்தான். அன்று சுண்ணாம்பு அதிகம்.

“குழுவை விட்டாச்சு வேலு. தவில் அடிக்கிற அடியில என் உருமி எனக்கே கேக்கல. இப்ப தனியா, கிளமெண்டி கால்வாய்ப் பக்கம் மழையில வாசிச்சுப் பதிவு பண்றேன்.”

“ஏண்ணே, தவளைங்க வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டுச்சா?”

கடையே சிரித்தது.

போனை அவன் காதில் வைத்தேன். மழை, தவளைகள், நடுவே வளைந்த குச்சியால் நான் தேய்க்கும் உருமியின் முனகல்.

“தாளம் யாரு போடுறா?”

“மழைதான்.”

முடியும்வரை கேட்டான். பிறகு வெற்றிலையை மடித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான்.

“சரிண்ணே, வேற ஆள் பாக்குறேன் லா. சாப்பிடவாவது வந்துடுங்க.”

போவேன், உருமி இல்லாமல் வெறுங்கையோடு.

உங்கள் பேட்டையில் நன்றாகப் பாடும் தவளைகள் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு எழுதப் படிக்க வராது, இதையும் போனில் பேசித்தான் பதிந்தேன்; நீங்களும் பேசி அனுப்புங்கள். வெற்றிலை பாக்கோடு வருகிறேன்.