கல்மரத்தில் துணி துவைத்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சராக வேலை பார்த்துவந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. என்னோடு வேலை பார்த்தவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், தலையணை உறையில் பூ வேலை செய்தார்கள். நான் கல் பொறுக்கினேன்.

எல்லாக் கல்லும் இல்லை, கல்மரம் மட்டும். எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்பு மண்ணுக்குள் புதைந்த மரம், உளுத்துப்போகாமல் அப்படியே கல்லாகிவிடும். நார் ஓடிய கோடு தெரியும், கணு தெரியும், பட்டை தெரியும். கையில் எடுத்தால் மட்டும்தான் கனம் காட்டிக்கொடுக்கும். முதல் துண்டு எங்கள் தெருவில் ரோடு போடக் கொட்டியிருந்த செம்மண் சரளையில் கிடைத்தது. அதிலிருந்து எங்கே சரளை லாரி நின்றாலும் நானும் நின்றுவிடுவேன். சேலையைச் சொருகிக்கொண்டு குவியல் மேல் ஏறுகிற டீச்சரைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், என் கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் அழுதாள்.

கல்லைச் சுத்தம் செய்வது எனக்கு ஜெபம் மாதிரி. இரண்டு நாள் வாளித் தண்ணீரில் ஊறவிடுவேன். களிமண் இளகியதும் அப்பாவின் பழைய பல் பிரஷ்ஷால் நார் போகிற போக்கிலேயே தேய்ப்பேன். குழிக்குள் இருப்பதைத் தையல் ஊசியால் நெம்புவேன். சுண்ணாம்பு படிந்திருந்தால் புளித்தண்ணீர். பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் ஒரு துண்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரே வாரத்தில் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ள, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதாயிற்று.

ஒரு சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் ஓர் ஏரி. கரையில் நாலைந்து குடும்பத்தார் துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கருங்கல்லில் அடிக்க, ஒரு பெண் மட்டும் பழுப்பு நிறத்தில் உருண்டு நீண்ட ஒரு கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்தபோது அந்தக் கல்லின் பக்கவாட்டில் நார்க்கோடுகள் ஓடுவதைப் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். நாலடி நீளம், இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் அடங்காத பருமன். வருஷக்கணக்காகத் துணி பட்டுப் பட்டு மேல்புறம் கண்ணாடி போல இருந்தது. என் பல் பிரஷ்ஷும் ஊசியும் நூறு வருஷம் உழைத்தாலும் அந்த வழவழப்பு வராது.

அவர் என்னைவிட நாலு வயது மூத்தவராக இருக்கலாம். மாமனார் திண்டிவனம் பக்கத்திலிருந்து குடிவந்தபோது மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்த கல்லாம். இதில் அடித்தால் புடவைக் கரை பிசிறாதாம், வெயிலில் அவ்வளவாகச் சூடேறாதாம். நான் பெரிய உண்மையை வெளியிடுவதுபோல, "இது கல் இல்ல, ஒரு காலத்துல மரமா இருந்தது" என்றேன்.

"தெரியுமே" என்றார் அவர். பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லின் அடிப்பக்கம் என் விரலைப் பிடித்து வைத்தார். "இங்க பாரு, பூச்சி அரிச்சிகினு போன வழி. கல்ல எந்தப் பூச்சி அரிக்கும்?"

நெல் நுழைகிற அளவில் வளைந்து வளைந்து போன துளைகள். கல்லாவதற்கு முன்பு, மரமாக இருந்தபோதே ஏதோ பூச்சி துளைத்த தடம். பட்டம் வாங்கிய என் கண்ணுக்கு அது தெரியவில்லை. எந்தப் புத்தகமும் படிக்காமல், தினம் தொட்ட கையாலேயே அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். அன்றைக்கே மனசுக்குள் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். வாயால் கூப்பிடக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அந்தக் கல்லைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பதிலுக்கு நல்ல கருங்கல் வாங்கிப் போடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. தர முடியாது என்று இரண்டு தடவையும் தெளிவாகச் சொன்னார். ஆனால் சனிக்கிழமை நான் போனால், வேலை முடிந்ததும் கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, நான் பார்ப்பதற்காக ஒதுங்கி நிற்பார். ஈரத்தில்தான் அதன் நிறமெல்லாம் எழுந்து வரும். அப்படி நாலைந்து மாதம் போயிற்று.

பிறகு எங்கள் சர்ச்சில், விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கை வைக்கும் அறுப்புப் பண்டிகை வந்தது. நான் சுத்தம் செய்த கல்மரத் துண்டுகளை ஒரு மேஜையில் வரிசையாக வைத்தேன். கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒருவர், சர்ச் கமிட்டியில் முக்கியமானவர், மேஜையை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார். அதுவரை என் கல்லை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதெல்லாம் என்ன சார், ஏரிக்கரையில் ஒன்று கிடக்கிறது பாருங்கள் என்று ஆரம்பித்து, இடம், அடையாளம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஏரிக்குப் போனபோது கல் இல்லை. அது கிடந்த இடத்தில் ஒரு பள்ளம், அதில் கலங்கிய தண்ணீர். எல்லோரும் துவைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர், முந்தின நாள் மத்தியானம் வண்டியோடு நாலு ஆள் வந்ததாகவும், டீச்சரம்மா அனுப்பினார்கள் என்று சொல்லித் தூக்கிப்போனதாகவும் சொன்னார். அக்கா அப்போது வெளுத்த துணி கொடுக்கப் போயிருந்தாராம். கேட்டுக் கேட்டுக் கிடைக்காததால் ஆளை விட்டு எடுத்துவிட்டீர்களா என்று ஓர் அம்மா கேட்டே விட்டார். இரண்டு தடவை நான் கேட்டது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அக்கா கொஞ்ச தூரத்தில் வேறொருவரின் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவர், கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார்.

"டீச்சரம்மாவுக்கு வோணும்னா என்னாண்ட வந்து கேக்கும். நான் இல்லாத நேரமாப் பாத்து எடுத்துகினு போவாது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் மறுபடி துணியைக் கையில் எடுத்தார்கள்.

அந்த நம்பிக்கைதான் என்னைக் குத்தியது. அவரைத் தனியே கூப்பிட்டு, பண்டிகையில் நான் வாயைவிட்டதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. இடம் சொன்னேன் என்பதை மட்டும்தான் சொன்னேன். நானே போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு, தானும் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அந்தக் கமிட்டிக்காரரின் வீடு எது என்று நான் சொன்னதும் வழி கேட்கவில்லை. வாரம் தவறாமல் துணி எடுக்கிற வீடாம் அது.

புது வீட்டின் முன்பக்கத் தோட்டத்தில் கல்லை நட்டு நிறுத்தியிருந்தார்கள், அடிமரம் போல. உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நிலையிலும் ஒரு கணம் அதை மட்டும்தான் பார்த்தேன். அவ்வளவு அழகு. பக்கத்தில் இரண்டு பேர் அதைச் சுற்றிப் பூசுவதற்குச் சிமென்ட் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வரவேற்றார். என்னோடு நின்றவரை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். வண்டிக்காரர்களிடம் டீச்சர் காட்டிய இடம் என்றுதான் சொன்னேன், அவர்கள் எப்படிச் சொன்னார்களோ என்றார். ஏரிப் புறம்போக்கில் கிடப்பது யாருடைய கல் என்றும் கேட்டார். பிறகு சிரித்தபடியே சொன்னார்:

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அதோட வேல்யூ தெரியாம யாரோ துணி அடிச்சிட்டிருக்காங்கன்னு?"

சொன்னேன். அதே வார்த்தைகள்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, பெருமை தலைக்கேறி, நான் சொன்னவைதான். அக்காவிடம் மறைத்த பாதியும் அதுதான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தொடர்ந்து, வேண்டுமானால் ஏரியில் நல்ல கருங்கல்லாக ஒன்று போடச் சொல்கிறேன் என்றார். நான் முன்பு அக்காவிடம் சொன்னதும் இதைத்தான்.

அப்போது அக்கா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"கல்லு யாருதுன்னு எனுக்குத் தெரியாது சார். மழ பேஞ்சா மண்ணுலேர்ந்து வரும், கெடக்கும். ஆனா அது மேல விழுந்த அடி எங்களுது. எங்க மாமியா அடிச்சது, நான் அடிச்சது. அத்தப் பிரிச்சி எங்களாண்ட குடுத்துட்டு இந்தக் கல்ல மட்டும் வெச்சுக்க முடியுமா, பாருங்க."

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மனைவி படியிறங்கி வந்தார். "உங்க சட்டை அந்தக் கல்லுல வெளுத்ததுதாங்க. வண்டியக் கூப்பிடுங்க" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார். அவர் கலவை குழைத்தவர்களிடம் நிறுத்தச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். அழகான ஒன்றைப் பார்த்தார், ஆசைப்பட்டார். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

வண்டி முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. வேல்யூ தெரியாமல் யாரோ என்று சொன்னது உங்களை நினைத்து இல்லை என்று ஏதோ உளறினேன். பொய்தான். அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார்:

"கல்லாண்ட வர்றப்பல்லாம் கல்லத்தான் பாத்துகினு இருந்த. இன்னிக்குத்தான என்னோட நடந்து வர. வுடு."

அதற்குமேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

ஏரிக்கரையில் ஆண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கல்லை இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு முனை கருங்கல்லில் மோதி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்து விழுந்தது. அக்கா அதை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். வெளியே பழுப்பாக இருந்த கல் உள்ளே தேன் நிறத்தில் இருந்தது. பட்டை ஒரு கோடாக, அதற்குள் நார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நேற்று வெட்டிய மரம் போல. நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை துண்டுகளையும் ஒன்றாக வைத்தாலும் இதற்கு ஈடாகாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிப் பார்த்தேன். இதை எனக்குத்தான் தரப்போகிறார் என்று என் மனசு, அவ்வளவு நடந்த பிறகும், வெட்கமில்லாமல் அடித்துக்கொண்டது.

அவர் கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெயர்த்தெடுத்ததில் கலைந்துபோன பள்ளத்தில் கல் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து அந்தத் துண்டை அடியில் கொடுத்து, "ஆடுது பாரு டீச்சரம்மா. அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு" என்றார்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று தள்ளினேன். தேன் நிறம் சேற்றுக்குள் போய் மறைந்தது. கல் ஆடாமல் நின்றது. அவர் ஒரு வேட்டியை எடுத்து, இரண்டு அடி அடித்துப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் இருந்த நிறைவை, என் மேஜையில் வரிசையாக வைத்த எந்தக் கல்லைப் பார்த்தும் நான் அடைந்ததில்லை.

அடுத்த நாலைந்து வருஷத்தில் ஏரியைச் சுற்றி மனைகள் வந்தன. தண்ணீர் கெட்டது. அக்காவின் குடும்பம் ஊரப்பாக்கம் பக்கம் போயிற்று, கல்லையும் கூடவே கொண்டுபோனார்கள். எனக்கும் கல்யாணமாகி வேலை மாறி, தொடர்பு விட்டுப்போனது. கல் பொறுக்குவதை மட்டும் நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நல்ல கல் ஒன்று கண்ணில் பட்டால், கை அதை எடுக்கும் முன்பு நிமிர்ந்து, பக்கத்தில் நிற்கிறவர்கள் யாரென்று முதலில் பார்க்கிறேன். எதையும் ரசிப்பதற்கு அது என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டியவரின் பெயரைக்கூடக் கேட்டுவைக்காமல் போனேனே என்பது இன்றும் என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.