அடக்கிக்கொண்டதில் ஒரு பெருமை

பெரிய மார்க்கெட்டில் மீன்கார அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் நிற்கும். மதியம் கடையை ஏறக்கட்டும் வரை அதன் மூடியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. வீராம்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் வந்து உட்கார்ந்தால் கூடையை விட்டு எழுந்து போக முடியாது. போனாலும் அங்கிருக்கும் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. இருமினாலும் கூடையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடும். அதற்குப் பயந்தே தண்ணீரை மறந்திருந்தார். நான் நர்ஸ், வாரம் தவறாமல் அவரிடம் மீன் வாங்குகிறவள். அந்த நெருக்கத்தில் ஒருநாள் என் காதோடு இதைச் சொன்னார். நான்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கசிவை நிறுத்த, சிறுநீர்ப் பாதைக்கு அடியில் நாடா வைக்கும் சிறிய ஆபரேஷன் நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவருடைய மகன் பக்கத்தில் நின்றிருந்தார். கல்யாணமான மகனை வைத்துக்கொண்டு அவர் அம்மாவிடம் மூத்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வார்டில் வேலையும் தலைக்கு மேல் இருந்தது. "மாத்திரைய விடாம போடுங்கக்கா, நல்லா தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அடக்கக் கூடாது, முட்டினாலும் முட்டாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய் முழுதாகக் கழிக்க வேண்டும், எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வரவேண்டும். இதில் எதையும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மீன் வாங்கப் போனபோது அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா தண்ணி குடிச்சிட்டு காலைல உக்காந்தா மதியம் வரைக்கும் எழுந்திருக்கறதே இல்ல சிஸ்டர். ஒரு சொட்டு வரல. ஆபரேஷன் அப்புடி புடிச்சிருக்கு." அடக்க முடிவதுதான் குணமானதற்கு அடையாளம் என்று அவர் நம்பியிருந்தார். இத்தனை வருஷம் படித்துக் கிழித்த நானும் "பரவால்லையேக்கா" என்று சிரித்துவிட்டு, வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் அவரைக் குளிர்காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரை ஏறியிருந்தது. பிழைப்பாரா என்று தெரியாமல் இரண்டு நாள் பித்துப் பிடித்தவள்போல் திரிந்தேன். பிழைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது ஆண்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெண்களிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறேன். வார்டில் அதற்காக என்னைப் பாராட்டவும் செய்கிறார்கள். பாராட்டும்போதெல்லாம் அக்கா கண் விழித்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. "அடக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "சிஸ்டர் அப்பவே சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.