ஜெசிந்தா அடிச்ச எர்த் பைப்

ஜெசிந்தா போயிட்டாங்க.

காலைல டீ பிரேக்ல அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு. "சார், ஜெசி போயிட்டா…" அவ்ளோதான். கட் பண்ணிட்டாரு.

அதுலேர்ந்து ஒரு இடத்துல நிக்க முடியல. லைனுக்குப் போறேன், ஸ்டோருக்குப் போறேன், திரும்ப வரேன்… எதுக்குப் போனேன்னே தெரியல. இப்ப கேட் பக்கத்துல நின்னு இதை டைப் பண்றேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சேதராப்பட்டுல எங்க கம்பெனில பன்னெண்டு வருஷமா பேனல் போர்டு வயரிங் பண்ணவங்க. நான் குவாலிட்டி செக்கிங். அவங்க முடிச்சு அனுப்புறதை நான் பாத்து பாஸ் பண்ணணும்.

நான் சேர்ந்த முதல் வாரமே அவங்க போர்டு ஒண்ணுக்கு எர்த் வயர் லூசுன்னு சிவப்பு டேக் மாட்டிட்டேன். ஸ்பேனரும் கையுமா நேரா வந்தாங்க. "இழுத்துப் பாத்தீங்களா சார்?"

இழுக்கல. பாத்ததோட சரி.

"இப்ப இழுங்க." மொத்த லைனும் வேடிக்கை பாக்குது. ரெண்டு கையாலயும் இழுத்தேன், அசையல. டேகை நானே கழட்டினேன்.

என் ரேடியோ பைத்தியம் உங்க எல்லாருக்கும் தெரியும். முத்தியால்பேட்டைல மாடி வீட்டுல வாடகைக்கு இருந்தப்ப, ஷார்ட்வேவ் கேக்க மொட்டை மாடில ஏரியல் கம்பி கட்டினேன். ஸ்டேஷனை விட இரைச்சல்தான் அதிகம். எர்த் குடுத்தா குறையும்னு பால்கனி குழாய்ல ஒரு வயரைச் சுத்தி விட்டேன். குறையல.

அதே வாரம் கீழ் வீட்டு கல்பனாவுக்கு வாஷிங் மெஷினைத் தொட்டா சுருக்குன்னு ஷாக். ஓனர் மூச்சு வாங்க மேல ஏறி வந்துட்டாரு. "எல்லாம் உங்க கம்பியாலதான். கழட்டுங்க, இல்லன்னா வீட்டைக் காலி பண்ணுங்க."

என் பொண்டாட்டிக்கு அப்ப ஏழு மாசம். வீடு தேடி எங்க அலையுறது… ஏரியல், வயர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். மறுநாளும் கல்பனாவுக்கு ஷாக். ஓனர் நம்பல. வேற எங்கயோ கம்பியை ஒளிச்சு வெச்சிருக்கேனாம்!

சாப்பாட்டு நேரத்துல புலம்பினேன். ஜெசிந்தா டிபன் பாக்ஸை மூடினாங்க.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணை மெஷின் பக்கமே போக வேணாம்னு சொல்லுங்க."

கோயிலுக்குக் கட்டின பட்டுப்புடவையோட ஸ்கூட்டில வந்து எறங்கினாங்க. பையில ஒரு ஹோல்டர், நூறு வாட்ஸ் பல்பு, நீளமா ரெண்டு வயர்.

முதல்ல என் பால்கனி குழாயைப் பாத்தாங்க. "ரெண்டடிதான் இரும்பு. அதுக்கப்புறம் பூரா பிளாஸ்டிக். இதுல கட்டினா எர்த் எங்க சார் போகும்?"

அப்புறம் ப்ளக் பாயிண்ட். பல்போட ஒரு வயர் கரண்ட்டுல, இன்னொண்ணு எர்த் ஓட்டையில. எர்த் இருந்தா எரியணும். எரியல. கீழ் வீட்டுலயும் எரியல. (நீங்க யாரும் வீட்டுல இதைப் பண்ணிப் பாக்காதீங்க.)

மீட்டர் பாக்ஸுக்குக் கீழ குனிஞ்சு பாத்தவங்க ஓனரைக் கூப்பிட்டாங்க. கீழ டைல்ஸ் போட்டப்ப யாரோ எர்த் கம்பியை வெட்டி, மேல சிமெண்ட் பூசிட்டாங்க. மொத்த வீட்டுக்கும் எர்த்தே இல்ல.

ஓனர் தலையைச் சொறிஞ்சாரு. "பொங்கல் முடியட்டும், ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாம்."

"பொங்கல் வரைக்கும் அந்தப் பொண்ணு உசுரோட இருக்கணும்ல?"



காம்பவுண்டு பூரா டைல்ஸ். பின்பக்கம் ஏசி தண்ணி சொட்டுற இடத்துல மட்டும் ஒரு முழத்துக்கு மண்ணு இருந்துச்சு. "இங்கதான். ஈரம் தானா கெடைக்கும்"னாங்க. ஓனர் வீட்டுல மிச்சம் கெடந்த எட்டடி ஜிஐ இரும்பு பைப்பைத் தூக்கிட்டு வந்து, ஸ்டூல் மேல ஏறி, புடவையை இழுத்துச் சொருகிட்டு, சம்மட்டியால அடிக்க ஆரம்பிச்சாங்க. கை வலிச்சா நான், அப்புறம் திரும்ப அவங்க.

நாலடி போனதும் பல்பு வயரைப் பைப்புல வெச்சுப் பாத்தாங்க. பீடி நெருப்பு மாதிரி லேசா ஒரு சிவப்பு. ஏசி ஈரம் மேல ஒரு சாண்தான், அதுக்குக் கீழ வறண்ட மணல்.

முழுசா எறக்கினோம். சுத்தி குழி பறிச்சு, தெருமுனை இஸ்திரிக் கடையிலேர்ந்து கரி, கல்பனா வீட்டுலேர்ந்து ரெண்டு பாக்கெட் கல் உப்பு, நாலு பக்கெட் தண்ணி. இப்ப வெச்சாங்க… பளிச்னு எரிஞ்சுது.

"எரியுது சார்!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

வீட்டு எர்த்தை அதுல சேர்த்து முறுக்கினாங்க. அப்புறம் கல்பனாவைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அவங்கதான் முதல்ல மெஷின்ல கை வெச்சாங்க. ஒண்ணும் இல்ல. கல்பனா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

ஏரியலைத் திரும்பக் கட்டினேன். ரேடியோவுக்கும் அந்தப் பைப்புலேர்ந்தே ஒரு வயர். இரைச்சல் சுத்தமா போகல… ஆனா உள்ள பேசுறவங்க வெளிய வந்தாங்க. ஒரு பிரெஞ்சு ஸ்டேஷன். ஜெசிந்தா காபி டம்ளரோட நின்னுக்கிட்டே கேட்டாங்க.

"ஏதோ ஸ்ட்ரைக்காம் சார். ரயில் ஓடலியாம்."

பிரெஞ்சு எப்படித் தெரியும்னு கேட்டேன். "அம்மா ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுல சமைச்சாங்க. சமையல்கட்டுல நின்னு கேட்டதுதான்."

அந்த எர்த்தைத் தானே போட்டதா ஓனர் தெரு பூரா சொல்லிக்கிட்டாரு. நான் கொதிச்சேன். அவங்க சிரிச்சாங்க.

ரெண்டு வாரம் முன்ன அவங்க வீட்டுக்குப் போனேன். கிட்னி ரொம்ப முடியாம போயிருந்துச்சு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாங்க.

"உக்காருங்களேன்"னேன்.

"உக்காந்தா தூக்கம் வருது சார். தூங்க பயமா இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்துச்சு.

அடக்கம் நாளைக்குச் சாயங்காலமாம். இன்னிக்கு பூரா வீட்டுலதான் வெச்சிருப்பாங்க.

ஷிஃப்ட் பாதிதான் ஆவுது. வயரிங் லைன்லேர்ந்து பதினோரு பேர் கையைக் கழுவிட்டு வந்து நிக்கிறாங்க. யாரும் பர்மிஷன் கேக்கல. வேன் வந்துடுச்சு.

வரோம், ஜெசிந்தா.