சிங்கப்பூர்லேர்ந்து நாலு மணி நேரம்

எங்க பாடி ஏரியா ஹேமநாதன் ஆயுசுல ஃப்ளைட் ஏறினது ரெண்டே வாட்டி. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனப்போ ஒண்ணு, வந்தப்போ ஒண்ணு. ஆனா எந்த ஊர்லேர்ந்து மெட்ராஸுக்கு எவ்ளோ நேரம்னு கேளு, டக்குனு சொல்லுவான். சிங்கப்பூர் நாலு, லண்டன் பத்தரை. பொணம் வைக்கிற ஐஸ் பொட்டி வாடகைக்கு வுடறவனுக்கு அது தெரியணும். புள்ள வெளிநாட்லேர்ந்து வரணும்னுதான எல்லா ஊட்லயும் பொட்டி கேக்கறாங்க? நான் யூசுப். அந்தப் பொட்டிய ஏத்தற குட்டியானை வண்டிக்கு டிரைவர்.

அன்னிக்குக் கொரட்டூர்ல லோகநாதன்னு ஒருத்தர் செத்துட்டாரு. ஒரே பொண்ணு அகல்யா, சிங்கப்பூர்ல கீது. காலையில பொட்டிய எறக்கிட்டு வந்தோம். மூணு மணிக்கு எடுக்கறோம், வாங்கன்னு போன் வந்துச்சு. ரெண்டரைக்குப் போனா பாடை ரெடி.

"பொண்ணு வந்துச்சாங்க?"ன்னான் ஹேமநாதன்.

செத்தவரோட தம்பி தங்கராஜ் எரிஞ்சு வுழுந்தாரு. "எங்க வர்றது? பன்னெண்டு மணிக்குதான் ஃப்ளைட்டு. போன்ல பாத்தாச்சு, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். இங்க வர ஆறாயிடும். மயானத்துல நாலு மணிக்கு எழுதிக் குடுத்தாச்சு. தொற பொட்டிய."

"அங்க பன்னெண்டுன்னா இங்க ஒம்பதரைங்க. ஒன்றரைக்கே எறங்கியிருக்கும்."

"அவ நம்ம டைமைத்தான் சொல்லியிருப்பா. போன் இன்னும் சுவிட்ச் ஆஃப். பொட்டிக்காரன் உன் வேலைய பாரு!"

இவன் கேக்கல. செத்தவரோட சம்சாரம் சரசாம்மா கிட்ட போனான். "அம்மா, பொண்ணு கடைசியா எப்போ மெசேஜ் போட்டுச்சு?"

அந்தம்மா போனை நீட்டுச்சு. காலையில ஒம்பது அஞ்சு. 'ஏறி உக்காந்துட்டேன். பன்னெண்டுக்குக் கெளம்புது. அப்பாவ எடுத்துடாதீங்க.'

"ஒம்பது மணிக்கு ஏறினது பன்னெண்டு வரைக்கும் உள்ளயே குந்திகினா இருக்கும்?"

தங்கராஜ் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "மூணே கால் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

மூணு ஆச்சு. மூணு பத்து. அடப்பாவி, நமக்கு எதுக்குடா இந்த வம்பு?

மூணே கால். "தொறடா!"

ஹேமநாதன் ரெண்டு கையையும் பொட்டி மேல வச்சுகினு நின்னான். "அடிங்க. தொறக்க மாட்டேன்." ரெண்டு பேரு சட்டையப் புடிச்சாங்க.

"வுடுங்க அவர!" சரசாம்மா எழுந்து நின்னுச்சு. "எம் பொண்ணு வராம யாரும் கை வைக்கக் கூடாது."

மூணு இருவதுக்குத் தெருமுனையில டாக்சி நின்னுது. சார்ஜ் செத்துப்போன போனைக் கையில புடிச்சுகினு, செருப்ப டாக்சியிலயே வுட்டுட்டு அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. ஹேமநாதனே கண்ணாடிய நகத்தினான். "அப்பா"ன்னு அது கன்னத்தத் தொட்டப்போ நானும் அழுதுட்டேன்.

திரும்பறப்போ பாடி மேம்பாலத்துல திட்டினேன். "இன்னா மாமே, ஒத வாங்கியிருப்போமே!"

ஜன்னல் பக்கமே பாத்துகினு சொன்னான். "மஸ்கட்லேர்ந்து எட்டு மணிக்குக் கெளம்பறேன்னு சொன்னேன். அங்க எட்டுன்னா இங்க ஒம்பதரை. எங்க ஊட்ல இருந்தவங்க இங்க எட்டுன்னு நெனச்சு, ஒரு மணி வரைக்கும் பாத்துட்டு, புள்ள வரலைன்னு எங்கம்மாவ எடுத்துட்டாங்க. நான் வந்தப்போ ஊட்டக் கழுவிகினு இருந்தாங்க."