அக்காவுக்குத் தைத்த குடை

பீளமேட்டில் ஒரு கல்லூரிக்கு எதிரே தள்ளுவண்டியில் என் அக்கா இளநீர் விற்றாள். அவளுக்கு வெயில் ஆகாது. போன கோடையில் ஒருமுறை மயங்கி விழுந்தாள். வியாபாரத்தை விடு என்றால் கேட்கவா போகிறாள்? அதனால் அவள் விழாமல் இருக்க நானே ஒரு குடை தைத்தேன். தெருக்கடைகளுக்குப் பெரிய குடை தைப்பதுதான் என் தொழில்.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், பன்னிரண்டு மணி நிழலையும் மூன்று மணி நிழலையும் ரோட்டில் கோடு போட்டுக் குறித்தேன். மூன்று மணிக்குச் சாய்வெயில் அவள் முகத்தில் அடித்தது. அதைத் தடுக்கச் சுற்றிலும் ஒரு முழத்துக்குத் துணித் தொங்கல் வைத்தேன். துணி இரட்டை, தையல் நெருக்கம், உச்சியில் ஊசி நுழைய இடமில்லை. ஒரு பொட்டு வெயில் உள்ளே வரவில்லை.

"எப்படிங்க்கா இருக்குது?"

"நல்லாருக்குது கண்ணு. அருமையான நெழலு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பைக்கை நிறுத்திக் கேட்பேன். அதே பதில்தான். எங்கள் பக்கம் யாரும் கொடுத்த பொருளைக் குறை சொல்ல மாட்டார்கள். பாயசத்தில் உப்பு விழுந்தாலும் நல்லாருக்குதுங்க என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போவார்கள். இது தெரிந்தும் நான் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் கூட அந்தக் குடைக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. முட்டாள்.

போகும்போதெல்லாம் அவள் மடி நனைந்திருக்கும். "இத்தன வருசமாச்சு, இன்னுமா எளநியச் சிந்தாம வெட்டத் தெரியல?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் குடைக்குள்ளேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கியது என்றார்கள். மறுநாள் போய்விட்டாள். குடைக்குள் இருந்தவளை வெயில் எப்படித் தாக்கும் என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். அதன்பின் எனக்கு எதுவுமே ஓடவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தேன். சூடா ஆறலா தெரியவில்லை.

துக்கம் கேட்க வருபவர்களுக்கென்று அந்தக் குடையை யாரோ கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் ஊன்றியிருந்தார்கள். அடியில் நாற்காலிகள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"தம்பி தெச்சதுங்களா? நல்ல நெழலுங்க," என்றார் ஒரு பெரியவர். சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போய்விட்டார். அரைமணி நேரத்தில் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எல்லாரும் நிழலைப் புகழ்ந்துவிட்டே போனார்கள்.

நான் மட்டும் இருந்தேன். முதுகில் வேர்வை வழிந்தது. மூச்சு முட்டியது. உச்சியில் சேர்ந்த சூடு போக வழியில்லை. பக்கவாட்டில் வரும் காற்றையும் என் தொங்கல் தடுத்து நின்றது. தொழில்காரன் நான், இது தெரிய எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கத்திரியை வாங்கி நாற்காலி மேல் ஏறினேன்.

"ஏனுங்க, நல்ல குடையப் போயி வெட்டறீங்களே," என்றார் மதிலோரப் பெரியவர். உச்சித் துணியை வட்டமாக வெட்டினேன். தொங்கலையும் அறுத்துப் போட்டேன். சூடு மேலே போக, கீழே மெல்லக் காற்று வந்தது. நாற்காலிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மாமா, அக்காவின் கணவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்டிய துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தலையில ஈரத்துண்டு போட்டுட்டுத்தான் மாப்ள இதுக்குள்ள உக்காந்திருப்பா. உன்ற பைக் சத்தம் கேட்டா உருவி மடியில வெச்சு மறைச்சுக்குவா. தம்பி ஆசையா தெச்சது, பாத்தா மனசு கஷ்டப்படுவான்னுவா."

அந்த ஈரத்தைத்தான் நான் இளநீர் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.