ஆறு கயிறு

ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட்டை நிறுத்திவிட்டு, கூரையில் பதித்திருக்கும் ஸ்பீக்கருக்கு நேராகக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார் லிஃப்ட்காரர். பாட்டு ஓடுகிறது. பல்லவி முடிகிறது, யாரோ நாலு தட்டு தட்டுகிறார்கள், மறுபடியும் அதே பல்லவி. பாட்டே அவ்வளவுதான். "சரணம் எங்கடா?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்கிறார். அது பதில் சொல்லாததால் ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சத்தத்தை முக்கால்வாசி குறைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று குடியிருப்போர் சங்கத்தில் மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஒல்லியான உடம்பு, கிரீஸ் போகாத நகம், மூக்கு நுனியில் கோபம். உலகத்தில் அவருக்குப் பிடித்தவை மூன்று: டிவி தொடர், பாட்டு, பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிற சாகச நாயகர்களின் கதை. அவர் வாயாரத் திட்டுவதும் இந்த மூன்றைத்தான். புதுத் தொடர் எது வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவார். பார்த்து முடித்ததும், ஒரே விரலால் போனில் தட்டித் தட்டி ரசிகர் குழுவில் ஒன்றரைப் பக்கம் கரித்துக்கொட்டுவார். பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று மனைவி கேட்டால், இத்தனை வருஷம் கூடவே வந்த நாயகனை இப்போது நட்டாற்றில் விடச் சொல்கிறாயா என்று அதற்கும் கோபப்படுவார்.

அவருடைய குற்றப்பத்திரிகை நீளமானது. ரெண்டு மணி நேரக் கதையைப் பத்து பகுதியாக ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள். எல்லாக் காட்சியையும் கும்மிருட்டில் எடுத்துவிட்டு, அதைக் கலை என்கிறார்கள். கதாநாயகி முக்கியமான வார்த்தை பேசும்போதுதான் நாற்பது வயலினும் சேர்ந்து அலறும். எல்லாவற்றையும் விட, செத்தவர்கள் திரும்பி வருவது அவருக்குத் தாங்காது. "போன வருஷம் இவன் செத்தான்னு நான் ரெண்டு நாள் ஒழுங்கா சாப்பிடல. இந்த வருஷம் வேற உலகத்துலேர்ந்து வரேன்னு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறான். அப்ப நான் என்ன கேனயனா?" என்று கூடத்தில் நின்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தியதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் மன்னித்துவிடுவார். அவர் மன்னிக்காதது ஒன்றுண்டு. கதையில் லிஃப்ட் வந்தால் போதும், ஒரு கயிறு அறும், லிஃப்ட் பாதாளத்துக்குப் பாயும். அப்போது பார்க்க வேண்டும் அவரை. ஆறு கயிற்றில் தொங்குகிறது லிஃப்ட். ஒரு கயிறே மொத்தப் பாரத்தையும் தாங்கும். ஆறும் அறுந்தால்கூட அடியிலிருக்கும் இரும்புத் தாடைகள் பக்கச் சுவரில் ஓடும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னும் சொல்லப்போனால், ரெண்டு மூன்று பேர் மட்டும் இருக்கிற லிஃப்ட்டில் பிரேக் விட்டுப்போனால் அது மேலே போகுமே தவிரக் கீழே வராது, மறுபக்கம் தொங்குகிற எடை அதைவிடக் கனம். இதை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட விளக்கியிருக்கிறார்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் தொடர் எழுதப் போனாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவோடு மொட்டைமாடி இயந்திர அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள். எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் கயிறுகளை வைத்துத்தான். பன்னிரண்டு வருடமாக அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்துச் சேர்ந்து திட்டிய அதே சாகசத் தொடரின் எழுத்தாளர் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. நாலாவது பகுதியில் அவள் பெயர் வரும் என்று கட்டடம் கட்டடமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

நாலாவது பகுதி வந்தது. அவள் பெயரும் வந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தான். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை, அழுக்குத் தொப்பி மட்டும் வைத்திருந்தார்கள். கயிற்றைப் பார்த்தான், "ஐயோ" என்றான், செத்தான். ஒரே ஒரு கயிறு. அது நூல் நூலாகப் பிரிந்து அறுந்தது, லிஃப்ட் நாற்பது மாடி விழுந்தது. நாயகன் ஒற்றைக் கையால் தாங்கினான். லிஃப்ட்காரர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு ரசிகர் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. மனைவிக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்று வாரம் மகளின் போனை அவர் எடுக்கவில்லை. இதற்கு நடுவில், அந்தப் பாட்டு லிஃப்ட் இருக்கிற கட்டடத்தின் எட்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று படியில் நடக்க ஆரம்பித்தார். ரெண்டு முட்டியும் தேய்ந்தவர். மாடிக்கு மாடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். லிஃப்ட்காரர் அவர் முன்னால் நின்று கயிற்றுக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார். டீச்சரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணே எழுதியிருக்காளே. தெரியாமலா எழுதுவா?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் வெடித்தார். தெரியாதவன் எழுதினால் திட்டிவிட்டுப் போகலாம், எல்லாம் தெரிந்தவள் எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

மனைவி மகளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மகள் அழுதிருக்கிறாள். தான் ஆறு கயிறுதான் எழுதியதாகவும், ஆறு என்றால் யாருக்கும் புரியாது, ஒரு கயிறும் ஒரு பயந்த முகமும் போதும் என்று மேலே இருப்பவர்கள் அடித்துத் திருத்திவிட்டதாகவும் சொன்னாள். குழுவில் அவள்தான் கடைக்குட்டி, யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? தான் எழுதிய பழைய பக்கங்களை அம்மாவுக்கு அனுப்பினாள். மனைவி அதை அச்சடித்து, மறுநாள் காலை அவருடைய கருவிப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கையில் கொடுத்தால் கிழித்துப்போடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

பகல் பன்னிரண்டு மணி. லிஃப்ட்டை அணைத்துவிட்டு இயந்திர அறையில் எண்ணெய் போட்டு முடித்தவர், டப்பாவை எடுக்கப் போய்த் தாள்களைப் பார்த்தார். நாலு பக்கம். நின்றபடியே படித்தார்.

அதில் ஆறு கயிறும் இருந்தது, லிஃப்ட் விழவில்லை. ஓர் அடி இறங்கியது, குலுங்கியது, நின்றது. உள்ளே ஏழு பேர். நாயகன் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து லிஃப்ட்டைத் தாங்கப் போகிறான். மெக்கானிக் லிஃப்ட்டுக்குள் இருக்கும் போனில் சொல்கிறான்: "தம்பி, கைய எடுங்க. அது தானா நிக்குது." அப்புறம், "மூணு நிமிஷம். யாரும் கதவத் தள்ளாதீங்க. நான் மேலதான் இருக்கேன்." மாட்டிக்கொண்டவர்களிடம் முப்பது வருடமாக அவர் சொல்லிவரும் வார்த்தைகள், ஓர் எழுத்து பிசகவில்லை. மெக்கானிக் இயந்திர அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்ட்டை மாடிக்குச் சரியாகக் கொண்டுவருகிறான். நாயகன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். பக்கத்தின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: இதில் ஒன்றுமே நடக்கவில்லை.

"ஏழு பேர் உசுரோட வெளிய வந்தாங்களேடா, பாவிகளா" என்றார் அந்தச் சிவப்பு மையிடம். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். மூன்றாவது பக்கத்தில் நின்றார். முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு வரியின் கீழ் அழுத்திக் கோடு போட்டார். போனை எடுத்து மகளை அழைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அப்பா?"

"மூணாவது பக்கத்த எடு" என்றார். "மெயின் சுவிட்ச அணைக்காம பிரேக்குல கை வெக்கறான் உன் ஆளு. நடுவுல கரண்ட் வந்தா சக்கரம் அவன் கையப் பிச்சிடாதா? இதையா நான் சொல்லிக்குடுத்தேன்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம், அவசர அவசரமாகத் தாள் புரளும் சத்தம். கீழே லிஃப்ட்டுக்குக் காத்திருந்த யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் இயந்திர அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மூலையில் இருந்த எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.