பச்சை மாத்திரையை மட்டும் நம்பிய ராக்கம்மா அக்கா

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது கங்காணி வந்து சொன்னார். "ராக்கம்மா பதுளை ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டாளாம். வயித்துப்புண் வெடிச்சிருச்சாம்." கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரையில் எனக்குத் துணையாகக் கொழுந்து பறித்தவர்.

அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டார், தோட்டத்துக்கே தெரியும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். "என்ன பார்க்குற?" என்று ஒருநாள் அவர் அதட்டினார். "ஒண்ணுமில்லைங்க ஐயா, ஒங்க விரலு தராசுல ஏறி ஒக்காந்திருக்கு. எறங்கட்டும்னு பார்க்குறேன்." மலையே சிரித்தது.

அவர் நம்பியது வயிற்றுப்புண்ணுக்குச் சாப்பிட்ட பச்சை மாத்திரையை மட்டும்தான். பல வருசம் அதுதான் கேட்டது; போட்டால் வலி அடங்கிவிடும். பிறகு பசறை மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார்.

"அது பழசும்மா, இப்ப வர்றதில்ல. டொக்டர்மார் இந்தக் கெப்சூலைத்தான் எழுதுறாங்க."

"நல்லா கேட்ட மருந்தை எதுக்கு நிப்பாட்டுறீங்க?"

"நானா நிப்பாட்டினேன்? கம்பனிக்காரன்கிட்டக் கேளுங்க."

லயத்து வீட்டுக்கு வந்து அக்கா கெப்சூலைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளே கசகசா மாதிரிக் குட்டிக் குட்டி உருண்டை. "பார்த்தியாடி, பிளாஸ்டிக்கை முழுங்கச் சொல்றான்!" மேலோட்டை வீசிவிட்டு, உருண்டையை அம்மியில் நசுக்கிப் பால் இல்லாத பிளேன்டியில் கலக்கிக் குடித்தார். தினமும் அப்படித்தான். வலி குறையவில்லை. "போலி மருந்துன்னு சொன்னேன்ல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கருமாதிச் சாமான் வாங்கப் போன அன்று அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றேன். அம்மிக் கதையைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார்.

"அந்த உருண்டையை நசுக்கினா வயித்துப் புளிப்பே மருந்தைத் தின்னுரும் தங்கச்சி. முழுசா முழுங்கணும்."

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அம்மியில அரைப்பாங்கன்னு யாரு கண்டா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பதுளையில் வேறொரு கடையில் விசாரித்தேன். அலுமாரியிலிருந்து அதே பச்சை மாத்திரையை எடுத்து வைத்தார்கள். "இருக்கு, கேக்குற ஆள்தான் கொறைவு. வேற மருந்து குடிக்கிறவங்களுக்கு ஒத்துவராதுன்னு டொக்டர்மார் அவ்வளவா எழுதுறதில்ல." அப்படியானால் பசறைக்காரர் பொய் சொன்னாரா, அவருக்கு மட்டும் வரவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவின் சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் எந்த மருந்து வாங்கினாலும் கடையிலேயே இறக்கிவைக்கிறேன். "இது எதுக்கு? முழுங்குறதா, மெல்லுறதா?" பதில் வரும்வரை நகரமாட்டேன். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.